மணி பிளான்ட்டுக்கும் கொஞ்சம் மெயின்டனன்ஸ் உண்டு!

யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு மணி பிளான்ட்டாவது கண்ணில் படாமல் இருக்காது. டி.வி. பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஃபிரிட்ஜ் மேல் ஒரு கண்ணாடி டம்ளர், ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்ட கொடி... "இதை எப்படிப் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம்ப்பா, அதுபாட்டுக்கு வளரும்" என்று பெருமையாகப் பதில் வரும். நர்சரிக்காரரும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்.

இந்த "ஒண்ணுமே பண்ண வேண்டாம்" என்ற பேச்சில்தான் சிக்கலே. மணி பிளான்ட் குறைந்த பராமரிப்பில் வளரும் செடி என்பது உண்மை. ஆனால் குறைவு வேறு, பூஜ்யம் வேறு. மெயின்டனன்ஸ் செலவு குறைவான மெஷின் என்பதற்காக ஆயிலே போடாமல் ஓட்டுகிற முதலாளி யாராவது உண்டா? இந்தச் செடிக்குத் தேவை வாரத்தில் பத்து நிமிடம். அதைக்கூடக் கொடுக்காத வீட்டில் நஷ்டம் பெரும்பாலும் செடிக்கு வருவதில்லை, வீட்டில் இருக்கிற மனிதர்களுக்குத்தான் வருகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

தீவிலிருந்து வந்த கொடி

இதன் தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினீசியாவில் இருக்கும் மூரியா என்ற சின்னத் தீவு. காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயரமாக ஏறும். அங்கே ஒரு இலை முறம் அளவுக்குக்கூடப் பெரிதாகும். வீட்டுக்குள் உள்ளங்கை அளவோடு நின்றுவிடுவதற்குக் காரணம், ஏற மரமும் இல்லை, வெளிச்சமும் குறைவு என்பதுதான்.

இன்னொரு ஆச்சரியம், இது பூப்பதே அபூர்வம். பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு தயாரிக்க முடியாத மரபணுக் குறைபாடு இதற்கு இருப்பதாக 2016-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பூ இல்லை என்றால் விதை இல்லை. ஆகவே வீடுகளில் இருக்கும் மணி பிளான்ட் எல்லாமே யாரோ ஒருவர் கொடியிலிருந்து கிள்ளி வந்த துண்டுதான்!

"திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் வளரும்" என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள். திருடியதால் வளர்வதில்லை. கிள்ளிய துண்டில் கணு இருந்ததால் வளர்கிறது. கணுவிலிருந்துதான் வேர் வரும். வெறும் இலையைக் காம்போடு பறித்து வைத்தால், அது பச்சையாகவே பல நாள் நிற்கலாம், ஆனால் புதுக் கொடி வராது. கேட்டு வாங்கினாலும் கணுவோடு வாங்கினால் போதும்.

பாட்டில் தண்ணீரில் என்ன இருக்கிறது?

இப்போது முக்கியமான விஷயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். யாரும் தொடாத மணி பிளான்ட் பாட்டில் அதற்குக் கட்டிக் கொடுத்த பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி! முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

மழைக்காலத்தில் டார்ச் லைட்டோடு வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு இவற்றோடு மணி பிளான்ட் பாட்டிலையும் பார்ப்பது இதனால்தான். அவர்களிடம் "உள்ளே எல்லாம் சுத்தமா இருக்கு" என்று வாசலோடு திருப்பி அனுப்புகிற வீட்டில், ஷோகேஸ் ஓரத்து பாட்டிலில் புழு நெளிந்துகொண்டிருக்கலாம். தெருவில் குப்பை அள்ளவில்லை என்று கோபப்படும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஹாலில் இருக்கும் பாட்டிலுக்கு மாநகராட்சி பொறுப்பாகுமா?

தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு, பாட்டிலின் உள்பக்கத்தை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் ஒரு முறை அலசிவிடலாம். பாட்டிலின் வாயைப் பஞ்சாலோ கொசுவலைத் துணியாலோ அடைத்து வைப்பது இன்னும் நல்லது.

ஹாஸ்டல் நண்பர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டிலை அப்படியே விட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் கொசு பிறந்து பறந்தே போயிருக்கும்.

வாரம் ஒரு முறை முடியாதா? அப்படியானால் மண்ணுக்கு மாற்றிவிடுவதே சரி. மண் தொட்டி என்றால் அடியில் ஓட்டை இருக்க வேண்டும், கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகி இலை மஞ்சளாகும். தொட்டி வைத்த மணி பிளான்ட் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை, அதிகத் தண்ணீரால்தான் சாகிறது. நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னல் ஓரம் போதும். இருட்டு மூலையில் வைத்தால் இலையில் இருக்கும் மஞ்சள் கோலம் மறைந்து வெறும் பச்சையாகிவிடும். கொடி மொட்டையாக நீண்டால் நுனியைக் கிள்ளினால் புதுக் கிளை வரும்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

"நாசாவே சொல்லியிருக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. 1989-ல் நாசா ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அது மூடிய சிறிய அறைப் பெட்டிக்குள் செய்த சோதனை. வீட்டில் கதவு ஜன்னல் வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து செடி, அதிகபட்சம் ஆயிரம் செடி வேண்டியிருக்கும் என்று 2019-ல் வந்த மறு ஆய்வு கணக்குப் போட்டது. ஜன்னலைத் திறந்து வைப்பது எவ்வளவோ சுலபம்!

இது சேம்பு, சேனைக் குடும்பத்துச் செடி என்பதையும் மறக்கக் கூடாது. சேனையை நறுக்கினால் கை அரிப்பது மாதிரி, இதன் இலையைக் கடித்தால் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும். தவழும் குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீட்டில் கொடியைத் தரை வரை தொங்கவிடுவது அழகாக இருக்கலாம், ஆனால் புத்திசாலித்தனம் இல்லை.

வெட்டிய கொடியை ஏரிக்கரையிலோ காட்டு ஓரத்திலோ வீசுவதும் தவறு. இலங்கையில் கண்டி நகரத்து உடவத்தகலைக் காட்டில் இந்தக் கொடி தரையை மூடி, மரங்களில் ஏறிப் பரவிக் கிடக்கிறது. வீட்டில் சாதுவாக இருப்பது வெளியே போனால் அப்படி இருப்பதில்லை.

மணி பிளான்ட் வைத்தால் பணம் வருமா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் பாட்டிலைக் கவனிக்காமல் விட்டு வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தால், கையில் இருக்கும் பணம் ஆஸ்பத்திரிக்குப் போவது நிச்சயம். பணம் போனாலும் சம்பாதிக்கலாம், உயிர் அப்படி இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் ஒதுக்குவது ஒன்றும் பெரிய முதலீடு இல்லை.

உங்கள் வீட்டு பாட்டிலில் கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள்? ஞாபகம் வரவில்லை என்றால் இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்!