கந்தக பூமியில் சீதளி

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் சீதளி கற்றுத் தரச் சொல்லி யோகா ஆசிரியர்களான நம்மவர்களை அழைப்பது வழக்கம். பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அந்தத் தேவை உண்மையானது. வெடிமருந்து புழங்கும் அறைகளில் மின்விசிறி சுழலாது; கரிசல் காட்டு வெக்கையை உடம்பே தாங்கியாக வேண்டும். ஆனாலும் பட்டாசு ஆலை வளாகத்துக்குள் சீதளி கற்பிக்கக் கூடாது என்பதே இந்த இதழின் கருத்து.

காரணம் எளியது. சுருட்டிய நாக்கின் வழியே, வாயால் காற்றை இழுப்பதுதான் சீதளி. மூக்கு செய்யும் வடிகட்டல் அதில் இல்லை. வெளியே நல்ல காற்றில் இது பெரிய குறையாகாது. அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் கையிலும் முடியிலும் உடுப்பிலும் படிந்திருக்கும் ஒருவரை, வேலைக்கு நடுவே அதே துணியோடு உட்காரவைத்து வாயால் ஆழமாக இழுக்கச் சொன்னால், மூக்கில் தங்கியிருக்க வேண்டிய தூசியை நாமே உள்ளே அனுப்புகிறோம். நாக்கைச் சுருட்ட வராதவர்களுக்குச் சொல்லித் தரும் சீத்காரிக்கும் இதே தடை பொருந்தும். பச்சை உப்பு என்று தொழிலாளர்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட்டைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. ஆனால் மற்ற தூசிகள் போய்விடவில்லை.

ஹடயோகப் பிரதீபிகை என்ற நூல், மூச்சை அடக்கும் எட்டுக் கும்பகங்களில் ஒன்றாகச் சீதளியை வைத்து, அது போக்கும் தொல்லைகளில் காய்ச்சல், பித்தம், பசி, தாகத்தோடு விஷத்தையும் சேர்த்திருக்கிறது. அதைக் காட்டி, ‘மருந்து நெடி’ உடம்பில் சேர்த்த நஞ்சும் நீங்கும் என்று தொழிலாளியிடம் சொல்லவே கூடாது. நுரையீரலில் தங்கிய உலோகத் துகளை எந்தப் பிராணாயாமமும் வெளியேற்றாது. அப்படி நம்பிய ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டால் அந்தப் பொறுப்பு நம்முடையது.

குளிர்ச்சி பற்றியும் அளவோடு பேசுவோம். ஈர நாக்கின் மேல் காற்று ஓடும்போது நீர் ஆவியாகிறது. வாயும் தொண்டையும் குளிர்கின்றன. வறண்ட விருதுநகர் மாவட்டக் காற்றில் அது நன்றாகவே தெரியும். ஆனால் ஆவியாவது உடம்பின் நீர்தான். ஆகவே முதலில் தண்ணீர், மோர், பிறகுதான் சீதளி. வெப்பத்தாக்கில் தள்ளாடுகிறவருக்குத் தேவை நிழல், ஈரத்துணி, ஆம்புலன்ஸ்.

இந்த வட்டாரத்தில் நான் பெரிதும் நம்புவது பயிற்சியின் மற்றப் பாதியை, சீதளியோடு சேர்த்துச் சொல்லித் தரும் மந்திரத்தை. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரிடம் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொன்னபோதும் லத்தீன் ஜெபமாலை சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்த மாற்றத்துக்கு ஏற்ப இதயத் துடிப்பு ஈடுகொடுக்கும் திறனும் கூடியது. 2002-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள், ஓசையின்றி மூச்சு விடுவதைவிட வாய் மூடி ரீங்கரிக்கும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு பதினைந்து மடங்கு கூடுவதைக் கண்டார்கள். ஓங்காரத்தின் மகரமான ‘ம்’ ஒலியை நீட்டும்போது நாம் செய்வதும் ரீங்காரமே.

சீதளியையும் மந்திரத்தையும் இணைக்கும் முறையில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சீதளியின் ரேசகம், அதாவது மூச்சை விடுவது, மூக்கு வழியே. அப்போது மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லவைத்தால் அது சீதளியாக இருக்காது. மூச்சை இழுக்கும் பூரகத்தில் மந்திரம் மனத்துக்குள் ஓடட்டும். ரேசகத்தில் உதடு மூடி மகர ஒலி மட்டும் நீளட்டும். பூரகம், கும்பகம், ரேசகத்துக்குத் திருமந்திரம் சொல்லும் 16, 64, 32 என்ற மாத்திரைக் கணக்கை ஆலைத் தொழிலாளர்களிடம் கொண்டு செல்ல வேண்டாம். தூசியில் உழைத்த நுரையீரலுக்குக் கும்பகம் தேவையில்லை. சமஸ்கிருதச் சொற்களின் நீண்ட நாத முடிவு எனக்கு மிகவும் உகந்தது. ஆயினும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது. தேவாலயம் போகிறவருக்கு அவர் ஜெபமே மூச்சை நீட்டிக் கொடுக்கும்.

இடமும் நேரமும் முக்கியம். வேலை முடிந்து, தலைக்குக் குளித்து, துணி மாற்றிய பிறகு, ஊர்ப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ வகுப்பு நடக்கட்டும். நிர்வாகமே அழைத்தாலும் செயற்கை இழை விரிப்புகளும் பாலியஸ்டர் உடுப்பும் ஒலிபெருக்கியும் மருந்து அறைகளுக்கு அருகே போகக் கூடாது. நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும். வளாகத்துக்குள் ஏதாவது கற்பித்தே ஆக வேண்டுமென்றால், தூசி இல்லாத உணவுக் கூடத்தில் மூக்கால் இழுத்து ரீங்கரித்து விடும் பிராமரி இருக்கிறது.

இருமலோ இளைப்போ மார்பு இறுக்கமோ சொல்கிறவரை முதல் வகுப்பிலேயே பிரித்து, சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பி, மூச்சுத்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்த வெடிமருந்து என்ற மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.