எத்தனை பாகம் ஆழம்?

தூத்துக்குடி நகரை ஒட்டி வடக்கே இருக்கிறது மாப்பிள்ளையூரணி. ஒரு பக்கம் உப்பளம். ஒரு பக்கம் கடல். வெள்ளப்பட்டி, தருவைக்குளம் எல்லாம் பக்கத்திலேயே. தெற்கே வந்தால் திரேஸ்புரம். முத்துக் குளித்த கரை இது. முத்து போன பிறகும் சங்கு குளித்துப் பிழைக்கிறது.

அந்தக் கரையில் வயதான குளியாள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

"தண்ணீருக்குள் இறங்கும் முன்னே, ஆழம் எவ்வளவு என்று எப்படி ஐயா தெரியும்?" என்று கேட்டோம்.

"குண்டைக் கட்டிக் கயிற்றை விட்டால் கயிறு சொல்லும், தம்பி" என்றார் அவர். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு விரிப்பு, ஒரு பாகம்.

பக்கத்தில் நின்ற அவருடைய பேரனுக்குச் சிரிப்பு வந்தது. கைப்பேசியை எடுத்து வரைபடத்தைக் காட்டினான். தெரு இருந்தது. கோயில் இருந்தது. டீக்கடைகூட இருந்தது. கடல்? கடல் வெறும் நீலமாக இருந்தது! அதில் ஒரு எண் இல்லை. ஒரு பாறை இல்லை.

நாம் கொண்டுபோன கடல் வரைபடத்தை மணலில் விரித்தோம். மாலுமிகள் இதைச் 'சார்ட்' என்பார்கள். கடல் பரப்பு முழுவதும் எறும்பு ஊர்வது போலச் சின்னச் சின்ன எண்கள். பையன் ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தான். "18" என்று படித்தான்.

"பதினெட்டுப் பாகமா?" என்று கேட்டார் தாத்தா.

"பதினெட்டு மீட்டர்" என்றான் பேரன்.

இந்த ஒரு கேள்வியில் ஓர் ஆளின் இரண்டு கால்களும் அடங்கியிருக்கின்றன. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள்.

மூச்சுதான் கடிகாரம்

அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெளியே இழுத்த ஒரே மூச்சுதான் அவர்களுக்குக் கடிகாரம். சுமார் 1 நிமிடம். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பார்கள். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். ஆபத்து இல்லாமல் இல்லை. சுறா உண்டு, மயக்கம் உண்டு. ஆனால் அடியிலேயே தங்கிவிட முடியாது. உடம்பே விடாது.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை முத்துச் சலாபம் நடந்தது. அதோடு சரி. தொள்ளாயிரம் பார், குடமுத்துப் பார் என்று பெயர் மட்டும் நிற்கிறது.

இப்போது சங்கு குளிப்பவர்கள் கல்லைக் கட்டுவதில்லை. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது. நீளமான குழாய் வழியே காற்று இறங்குகிறது. பொழுதுபோக்குக்கு இறங்குகிறவர்கள் முதுகில் காற்று உருளையைக் கட்டுகிறார்கள். அதுதான் ஸ்கூபா. 1943-ல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து செய்த கருவியிலிருந்து பரவியது. குழாயானாலும் உருளையானாலும் பலன் ஒன்றுதான். அடியில் நெடுநேரம் மூச்சு விடலாம்.

அங்கேதான் வினை! பழைய கடிகாரம் போய்விட்டது. புதுக் கடிகாரம் வரவில்லை.

10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில், மூச்சில் போகும் நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. ஆழம் கூடக்கூட அதிகம் கரையும். நேரம் கூடக்கூட இன்னும் கரையும். ஆள் சட்டென்று மேலே வந்தால் என்ன ஆகும்? கோலி சோடாவை உடைத்தால் பொங்குகிறதே, அப்படி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலிக்கும். கால் மரத்துப்போகும். சிறுநீர் அடைத்துக்கொள்ளும். குமிழி தண்டுவடத்தில் சிக்கினால் வாதம்.

18 மீட்டர் ஆழத்தில் சுமார் 1 மணி நேரம் இருந்துவிட்டு, நடுவில் நிற்காமல் மெதுவாக மேலே வரலாம் என்கின்றன முக்குளிப்புக் கால அட்டவணைகள். அதே 18, பாகமாக இருந்தால்? ஒரு பாகம் 6 அடி. 18 பாகம் ஏறக்குறைய 33 மீட்டர். அங்கே 20 நிமிடம் தங்குவதே எல்லை. 18 மீட்டர் என்று நம்பி 1 மணி நேரம் இருந்தவன் கதி என்ன?

இது கற்பனைச் சங்கடம் அல்ல. பழைய இங்கிலீஷ் சார்ட்டுகளில் எண்கள் பாகக் கணக்கில்தான் இருக்கும். புதிய சார்ட்டுகளில் மீட்டர். எந்தக் கணக்கு என்பது தலைப்புக்குக் கீழே அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். எண்ணை அப்புறம் படிக்கலாம்.

கப்பலுக்குப் போட்ட படம்

சார்ட் படிப்பது பெரிய வித்தை இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

நீலம் என்றால் ஆழம் என்று நினைப்போம். சார்ட்டில் அது தலைகீழ்! கரையோர ஆழமற்ற தண்ணீருக்குத்தான் நீலம். ஆழ்கடல் வெள்ளையாக இருக்கும். வற்றும்போது வெளியே தெரியும் திட்டுக்குப் பச்சை. ஒரே ஆழமுள்ள இடங்களைச் சேர்த்துக் கோடு போட்டிருப்பார்கள். கோடுகள் நெருங்கினால் அடி செங்குத்தாக இறங்குகிறது என்று பொருள். 12-க்குப் பக்கத்தில் கீழே சின்னதாக 5 இருந்தால் 12.5 மீட்டர். பாகக் கணக்குச் சார்ட்டில் அதுவே 12 பாகம் 5 அடி.

எண்களுக்கு இடையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரும். 'எஸ்' என்றால் மணல். 'எம்' என்றால் சேறு. 'ஆர்' பாறை. 'சி', 'ஓ' சேர்ந்து வந்தால் பவளம். சங்கு மணலில் கிடக்கும். முத்துச் சிப்பி பாரில் ஒட்டும். குளியாளுக்கு இந்த நாலு குறி போதும், பாதிக் கடல் தெரிந்துவிடும். கூட்டல் குறி போட்டிருந்தால் தண்ணீருக்கு அடியில் பாறை. தூரத்தை அளக்க இடது வலது ஓரத்தில் உள்ள அளவைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஒரு கலை ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அளந்தால் தப்பாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. இந்தப் படம் கப்பல் காப்டனுக்காகப் போட்டது. கப்பல்காரருக்கு ஆழம் குறைவதுதான் பயம், தரை தட்டிவிடும். ஆகவே கடல் நன்றாக வற்றிய நேரத்து ஆழத்தையே குறிக்கிறார்கள். ஓர் இடத்தில் பல ஆழம் இருந்தால் குறைந்ததைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள். காப்டனுக்கு அது காப்பு.

குளியாளுக்கோ ஆழம் கூடுவதுதான் பயம். 18 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே 21 மீட்டர் பள்ளம் இருக்கலாம். படத்தில் அது வராமல் போயிருக்கலாம். ஏற்றநீரையும் சேர்க்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்ற இறக்கம் 1 மீட்டருக்கும் குறைவு என்பது ஒரு நிம்மதி. ஆகவே சார்ட்டைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பேரனின் படமும் வேண்டும். தாத்தாவின் கயிறும் வேண்டும். இரண்டும் வேறு வேறு எண்ணைச் சொன்னால் எது ஆழமோ அதையே நம்ப வேண்டும்.

இன்னொன்று, அளந்த வருஷம். அதுவும் சார்ட்டிலேயே இருக்கும். கடல் மாறும். தூத்துக்குடிக்கு எதிரே விளாங்குசல்லி என்று ஒரு தீவு இருந்தது. பவளப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்தார்கள். தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று கணக்கு. அவற்றில் இதுவும் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. பழைய படத்தில் தரை. இன்று அங்கே அலை! (அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. படம் வழி காட்டுகிறதே என்று போய்விட வேண்டாம்.)

தமிழில் ஏன் இல்லை?

நம் நாட்டுக் கடல்களை அளந்து படம் போடுவது கடற்படையைச் சேர்ந்த தேசிய நீரியல் அலுவலகம். அது இருக்கும் ஊர் டேராடூன். இமயமலை அடிவாரம்! கடலைப் பார்க்காத ஊரில் கடல் படம் அச்சாகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை ஒழுங்காக நடக்கிறது. ஆழம் மாறினால், பாறை கண்டால், திருத்தங்களையும் வெளியிடுகிறார்கள். ஆனால் அவை கப்பலுக்குப் போகின்றன. துறைமுகத்துக்குப் போகின்றன. வள்ளத்துக்கு வருவதில்லை.

கப்பல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அதற்குப் படம் இருக்கிறது. மனிதன் தண்ணீருக்கு அடியில் போகிறான். அவனுக்குப் படம் இல்லை. இது நியாயமா?

மீன்வளத் துறை மனம் வைத்தால் முடியாத காரியம் அல்ல. நீரியல் அலுவலகத்தின் அனுமதி பெற்று, வைப்பாற்றிலிருந்து திருச்செந்தூர் வரை உள்ள கடலை ஒரே தாளில் பெரிதாக அச்சிடலாம். குறிகள் தமிழில் இருக்கட்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் மீட்டர் ஒரு நிறத்தில், பாகம் ஒரு நிறத்தில். திரேஸ்புரத்திலும் வெள்ளப்பட்டியிலும் தருவைக்குளத்திலும் வள்ளம் இறங்கும் இடத்தில் பலகையில் ஒட்டலாம். மாப்பிள்ளையூரணிப் பள்ளிக்கூடத்திலும் ஒன்று மாட்டலாம். பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் சொல்வார்கள்.

"சார்ட் இருந்தால் ஆசைப்பட்டு இன்னும் ஆழத்துக்குப் போவார்களே?" என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கலாம். ஆனால் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கரையோரம் சங்கு குறைந்தால் ஆழத்துக்குத்தான் போக வேண்டும். வயிறு போகச் சொல்கிறது. தெரிந்து போகிறவனாவது நேரத்தைக் குறைப்பான்.

பலகையில் படத்துக்குக் கீழே நாலு வரி எழுத வேண்டும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் என்று முதல் வரி. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்று இரண்டாம் வரி. அதே நாளில் மறுபடி இறங்கினால், காலையில் கரைந்த வாயு உடம்பில் மிச்சம் இருக்கும். ஆகவே நேரம் இன்னும் குறையும் என்று மூன்றாம் வரி. கால் மரத்தால் களைப்பு என்று எண்ணெய் தேய்த்துப் படுக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வழியிலேயே ஆக்சிஜன் கொடுக்கச் சொல் என்று நாலாம் வரி.

நாம் கிளம்பும்போது தாத்தா சார்ட்டை மடிக்க விடவில்லை. பேரனை உட்காரவைத்து ஒவ்வோர் எண்ணாகப் படிக்கச் சொன்னார். அவன் மீட்டரில் சொல்லச் சொல்ல, அவர் விரல் விட்டு எண்ணிப் பாகத்தில் சொன்னார். ஒன்றிரண்டு இடங்களில் "இல்லை, அங்கே இன்னும் ஒரு பாகம் உண்டு" என்று தலையை ஆட்டினார்.

பிறகு வள்ளத்தைப் பார்த்துத் திரும்பி, குழாயைப் பிடிக்கும் ஆளிடம், "உன் கையில் கடிகாரம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இல்லை.