காற்றில் போகும் மருந்து

போன வாரம் விடுதியில் ஒரு வாக்குவாதம். "ட்ரோன் வந்தாச்சு, இனி மருந்தடிக்கிற கவலை தீர்ந்தது" என்றான் அறை நண்பன். தீரவில்லை என்பது என் கட்சி. பாதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, மீதி இங்கே.

கேரளாவின் காசர்கோட்டில் அரசு முந்திரித் தோட்டங்களுக்கு 1970களின் பின்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டத்தை ஒட்டியே வீடுகள், கிணறுகள், ஓடைகள். மேடும் பள்ளமுமான பூமியில் மரத்தை உரசுகிற மாதிரி தாழப் பறப்பது லேசான காரியமா? அந்தக் குழந்தைகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2011ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை போட்டது. 2017ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடுக்கச் சொன்னது.

நாம் மருந்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, தெளித்த விதத்தை மறந்துவிட்டோம்.

கணக்கு எளிது. 100 மைக்ரான் துளி 10 அடி உயரத்திலிருந்து விழ சுமார் 10 விநாடி. 20 மைக்ரான் துளிக்கு சுமார் 4 நிமிடம். மணிக்கு 5 கி.மீ. காற்றில் முன்னது 14 மீட்டர் தள்ளி விழும், பின்னது 300 மீட்டருக்கு மேல் போய்விடும். வழியில் ஆவியாகிச் சுருங்கினால் இன்னும் தூரம்.

அப்படியென்றால் பெரிய துளி விழுகிற நாசில் போட்டால் போதுமே? அங்கேதான் சிக்கல். துளியின் விட்டம் இரட்டித்தால் ஒரே அளவு தண்ணீரில் துளிகளின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகிவிடும், இலை சரியாக நனையாது. ஈடுகட்ட நிறைய தண்ணீர் வேண்டும். 10 லிட்டர் டேங்க் ட்ரோன் அதைச் சுமக்குமா? ஆகவே நுண்ணிய துளி, அதிலும் கெட்டியான கலவை. பக்கத்து வயலுக்குப் போவது அந்தக் கெட்டி மருந்துதான்.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியம். காற்றே இல்லாத சாயங்காலம் ரொம்பப் பாதுகாப்பானது என்றுதான் நினைத்திருந்தேன். தரை குளிர்ந்து மேலே வெப்பக் காற்று மூடிபோல நின்றால் நுண்துளிகள் கலையாமல் மிதந்துகொண்டே இருக்கும். பிறகு மெல்லிய காற்று வந்தால், மொத்தமாக எங்கேயோ போய் இறங்கும்.

ட்ரோன் தெளிப்புக்கு மத்திய அரசு 2021ல் நடைமுறை விதிகள் வெளியிட்டது. நல்லது. ஆனால் அன்றைக்கு வயலில் காற்றை அளந்தது யார், எங்கே எழுதி வைத்தார்கள்? அந்தக் குறிப்பு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கிடைக்க வேண்டும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் தெளிக்காத ஒரு பட்டை விட வேண்டும், அதன் நஷ்டம் விவசாயி தலையில் மட்டும் விழக்கூடாது.

இதைப் படித்த நண்பன், "அப்போ முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு அடிக்கிறவர் மூச்சுல போறது?" என்றான். நியாயமான கேள்வி. அதனால்தான் ட்ரோனே வேண்டாம் என்று நான் எழுதவில்லை.