வராத நாளுக்கு வருகைப் பதிவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். மகன் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அப்பா, நீங்க ஆபீஸ்ல எழுதாத லெட்டரா? தம்பிக்கு ஒரு லெட்டர் வேணும். ஜூலைலேர்ந்து உடம்பு சரியில்ல, அதனால பரேடுக்கு வர முடியலன்னு அழகா எழுதிக் குடுங்க. டாக்டர் சர்டிபிகேட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

தம்பி என்பது என் பேரன். ஒன்பதாம் வகுப்பு. என்.சி.சி.யில் இரண்டாவது வருடம். ஜூலையிலிருந்து அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சனிக்கிழமை காலையில் பரேடு நடக்கும் அதே நேரத்தில் கணக்கு டியூஷன். டியூஷனுக்குத் தவறாமல் போனான், பரேடுக்குப் போகவில்லை. இப்போது 'ஏ' சர்டிபிகேட் தேர்வு வருகிறது. அதை எழுத நூற்றுக்கு 75 பரேடாவது வந்திருக்க வேண்டும், ஒரு முகாமுக்கும் போயிருக்க வேண்டும். முகாம் போய்விட்டான். பரேடு கணக்குதான் உதைக்கிறது.

"எழுத மாட்டேன்" என்றேன். "ஊரே செய்யுதுப்பா, இதுல என்ன இருக்கு?" என்றான். இதில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து மகன் என்னோடு "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. பேரன் அப்போது கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். என்.சி.சி. என்றால் பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பது என்று நம்மில் சிலர் இன்னமும் நினைக்கிறோம். 1946ல் ஹிருதய நாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் யோசனைப்படி 1948ல் சட்டம் வந்தது, படையும் அந்த வருடமே தொடங்கியது. இதில் சேர்ந்ததால் ஒருவன் போருக்குப் போக வேண்டிய கடமை எதுவும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூனியர் பிரிவு, இரண்டு வருடம். விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம்.

நடுவில் ஒரு காலம் கட்டாயமாகவும் இருந்தது. சீனப் போருக்குப் பிறகு 1963ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். 1968ல் மறுபடியும் விருப்பத்துக்கு விட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் கல்லூரியில் படித்த அண்ணன்மார்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். கால் சுளுக்கு, வயிற்று வலி, பாட்டி செத்துப்போனாள் என்று என்னென்ன சொல்லித் தப்பித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதற்காவது ஒரு நியாயம் இருந்தது, உங்களை யாரும் கேட்டுச் சேர்க்கவில்லை. என் பேரனைக் கேட்டுத்தான் சேர்த்தார்கள். விண்ணப்பத்தில் அவன் கையெழுத்து இருக்கிறது. கீழே அவன் அப்பன் கையெழுத்தும் இருக்கிறது. கட்டாயமில்லாத இடத்தில் தானாகப் போய் ஒரு வார்த்தை கொடுத்தால் அந்த வார்த்தைக்கு எடை அதிகம்.

பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அப்படி என்னதான் கேட்கிறார்கள்? சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வா. காக்கியைத் துவைத்துப் பெட்டி போட்டு உடுத்து. பூட்சுக்கு நீயே பாலிஷ் போடு, பெல்ட்டின் பித்தளையை நீயே துலக்கு. வரிசையில் பக்கத்தில் நிற்பவனோடு கால் சேர்த்து நட. முகாமில் சாப்பிட்ட தட்டை நீயே கழுவு. பக்கத்துப் படுக்கைக்காரன் என்ன சாதி, என்ன மதம் என்று பார்க்காதே. இவ்வளவுதான். மலையைப் புரட்டச் சொல்லவில்லை. ஆனால் இதில் ஒன்றைக்கூட அவனுக்காக இன்னொருவர் செய்ய முடியாது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். காலையில் வாத்தியார் பெயர் வாசிப்பார். எழுந்து நின்று "ப்ரெஸான்" என்று சொல்ல வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். வராதவனுக்காக இன்னொருவன் குரலை மாற்றி "ப்ரெஸான்" சொல்லி மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் தண்டனை உண்டு. ஒரே வாக்கியத்தை நூறு தடவை எழுத வேண்டும். வராதவனைவிடப் பொய்யாக வந்ததாகச் சொன்னவன்மேல்தான் வாத்தியாருக்குக் கோபம் அதிகம். அது ஏன் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

உடற்பயிற்சி வகுப்பில் எங்களுக்கு "கார்தாவூ" என்றால் விறைத்து நிற்க வேண்டும், "ரெப்போ" என்றால் தளரலாம். பக்கத்து இங்கிலீஷ் பள்ளியில் அதுவே அட்டென்ஷன், ஸ்டேண்ட் அட் ஈஸ். என் பேரனுக்கு சாவ்தான், விஷ்ராம். இந்தக் கட்டளைச் சொற்களுக்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1968 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மொழித் தீர்மானம் நிறைவேற்றியபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளை கூடாது என்பதையும் அதில் சேர்த்தார்கள். அந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்பது வேறு கதை. கட்டளை எந்த மொழியில் வந்தாலும் நிற்க வேண்டியது அவனவன் கால்தான்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒவ்வொரு ஜூலை 14க்கும் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போவார். முதல் நாள் சாயந்திரம் வாசற்படியில் உட்கார்ந்து தன் ஷூவுக்குத் தானே பாலிஷ் போடுவார். எண்பது வயதுக்கு மேல் கை நடுங்கும். மருமகள் "குடுங்க மாமா, நான் போடறேன்" என்று கேட்டால் கொடுக்க மாட்டார். எங்கள் வீட்டில் பேரனின் பூட்சுக்கு என் மருமகள் பாலிஷ் போடுகிறாள். அவன் செல்போன் பார்த்துக்கொண்டு காலை நீட்டுகிறான். அவளைத் திட்டி என்ன பயன்? நான்கூட ஒரு தடவை அவன் பெல்ட்டைத் துலக்கிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, மகனுடைய பக்கத்தையும் சொல்கிறேன். போட்டி அதிகம், மார்க் இல்லாவிட்டால் சீட் இல்லை, டியூஷன் இல்லாவிட்டால் மார்க் இல்லை. என்.சி.சி. சர்டிபிகேட் இருந்தால் சில இடங்களில் முன்னுரிமை கிடைக்கிறது. கல்லூரியில் 'சி' சர்டிபிகேட் வரைக்கும் போய் நல்ல கிரேடு வாங்கினால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். எல்லாம் உண்மை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்கிற தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். டியூஷன்தான் முக்கியமென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. பையன் என்.சி.சி. ஆசிரியரிடம் போய், "சார், என்னால தொடர முடியல, பேரை எடுத்துடுங்க" என்று சொல்லலாம். அதில் ஒரு அவமானமும் இல்லை. அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது கிடைக்கும். போகவும் மாட்டேன், விடவும் மாட்டேன், சர்டிபிகேட் மட்டும் வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் விடிகாலையில் எழுந்து சைக்கிள் மிதித்துப் போய் வெயிலில் நின்றவனுக்கும், மின்விசிறிக்கடியில் கணக்குப் போட்டவனுக்கும் ஒரே காகிதமா? நின்றவன் வீட்டில் கடிதம் எழுதிக் கொடுக்க ஒரு ரிட்டயர்டு கிளார்க் தாத்தா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பெரிய யோக்கியன் என்பதால் இதைச் சொல்லவில்லை. 1980களில் எங்கள் ஆபீசில் ஒரு நண்பர் பதினொரு மணிக்கு முன்னால் வரமாட்டார். நான்தான் வருகைப் பதிவேட்டில் அவருடைய இனிஷியலையும் போடுவேன். மாதக்கணக்கில் போட்டேன். காப்பி வாங்கிக் கொடுப்பார். ஒரு நாள் மேலதிகாரி ஒன்பதே முக்காலுக்கே வந்து பதிவேட்டைக் கேட்டார். இனிஷியல் இருக்கிறது, ஆள் இல்லை. விசாரணை வந்தது. நண்பருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர் தப்பிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. பதிவேட்டை எடுத்து வைக்கும் வேலையில் ஒரு நாள்கூலிப் பையன் இருந்தான். அவன்தான் கவனமாக இல்லை என்று அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் போகும்போது என்னிடம் வந்து "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த "வரேன் சார்" காதை விட்டுப் போகவில்லை. பொய் வருகைப் பதிவுக்கு எப்போதும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார், எழுதியவர் கொடுப்பதில்லை. இப்போதும் அப்படித்தான் ஆகும். நாளைக்கு ஒரு தணிக்கை வந்தால் மாட்டுவது என் மகனா? இரக்கப்பட்டு இன்றைக்குக் கணக்கைச் சரிக்கட்டிக் கொடுக்கிற அந்த ஆசிரியர்தான். அவர் வகுப்பும் எடுத்து, சனிக்கிழமை மைதானத்திலும் நிற்கிற மனுஷர்.

பிள்ளைகளையும் பெற்றவர்களையும் மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. பள்ளிகளும் விழா நடத்துகிறவர்களும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேடட் என்றால் யாரோ ஒரு பெரிய மனிதர் வரும் வழியில் நிறுத்திவைக்கும் பூந்தொட்டி என்று நினைக்காதீர்கள். பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு மணிக்கு வருவார், அதுவரை பிள்ளைகள் வெயிலில் நிற்கும். இதை என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கச் சொல்லுங்கள், அது தொண்டு. ரத்த தான முகாமில் வருகிறவர்களுக்கு வழி காட்டச் சொல்லுங்கள், அதுவும் தொண்டு. 2020ல் கொரோனா நேரத்தில் பதினெட்டு வயது நிறைந்த மூத்த கேடட்கள் நிர்வாகத்துக்கு உதவியாக வேலை செய்தார்கள், அது உண்மையான தொண்டு. சால்வைத் தட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பது எதில் சேரும்? நாமே இதை வேடிக்கையாக்கினால் பிள்ளையும் வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொள்ளும். நேரத்துக்கு வா என்று பிள்ளைக்குச் சொல்கிற மேடை தானும் நேரத்துக்கு வர வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரப்பிள்ளைகள்மேல் நமக்குப் பாசம் அதிகம், கண்டிப்பு குறைவு. பெற்ற பிள்ளைகளிடம் காட்டிய கண்டிப்புக்குப் பரிகாரமாகவோ என்னவோ, இவர்களிடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறோம். பூட்சுக்குப் பாலிஷ் போடாதீர்கள். பொய் லீவ் லெட்டர் எழுதாதீர்கள். பேரனோ பேத்தியோ விலக நினைத்தால் அவர்களே போய்ச் சொல்லட்டும், நாம் வேண்டுமானால் பள்ளி கேட் வரைக்கும் கூடப் போகலாம். வாசலோடு நின்றுகொள்வது நமக்கு நல்லது.

போன வாரம் பேரன் தானாக என்னிடம் வந்து, "தாத்தா, இனிமே போனா எக்ஸாம் எழுத விடுவாங்களா?" என்று கேட்டான். "விட மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன், கணக்கு அப்படி" என்றேன். "அப்ப எதுக்குப் போகணும்?" என்றான். "நீ கையெழுத்துப் போட்டிருக்க" என்றேன். பதில் பேசாமல் போய்விட்டான்.

நேற்று சனிக்கிழமை. விடிகாலையில் திண்ணையில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். பேரன் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பாதி பூட்சிலும் பாதி தரையிலும் இருந்தது. பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. சொல்லிக் கொடுக்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். மகன் எழுந்து வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான்.

டியூஷன் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. தேர்வுக்கு விடாவிட்டால் அதுதான் சரி. அந்தக் காகிதம் வராமல் போனாலும், நேற்று பெயர் கூப்பிட்டபோது அவன் தன் குரலில்தான் பதில் சொல்லியிருப்பான்.