தலைக்கணக்கும் பரிசுக்கணக்கும்

“பெண்கள் பிரிவில் பங்குபற்றுதல் குறைவாகவே இருந்தது.”

டிஸ்க் கோல்ஃப் சுற்றுப்போட்டிகளைப் பற்றிய செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் இந்த வசனம் எங்கேனும் ஓரிடத்தில் எதிர்ப்படுகின்றது. ஆண்கள் பிரிவில் இடங்கள் யாவும் நிரம்பிவிட்டன, காத்திருப்போர் பட்டியலும் நீண்டுவிட்டது என்று முதற் பந்தி பெருமை கொள்ளும். அடுத்த பந்தியில் இந்த வசனம் வரும். அத்துடன் விடயம் முடிந்துவிடும். ஏன் குறைவு என்று எவரும் கேட்பதில்லை. காலையில் மழை பெய்தது, மாலையில் காற்று வீசியது என்பதைப் போல இதுவும் ஓர் இயற்கை நிகழ்வாகவே பதிவாகிவிடுகின்றது.

இது இயற்கை நிகழ்வு அன்று. பரிசுப் பணத்தைத் தலைகளை எண்ணிப் பங்கிடும் ஒரு கணக்கு முறையின் விளைவு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டு அறிமுகமில்லாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். கோல்ஃப் விளையாட்டின் அமைப்பையே இது பெரிதும் பின்பற்றுகின்றது. பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் எறியும் தட்டு. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. மரங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் இடையே அமைந்த பதினெட்டுக் கூடைகளையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவரே வெற்றியாளர். பிரிஸ்பீ தட்டுக்கு அதன் இன்றைய வடிவத்தைத் தந்த எட் ஹெட்ரிக் என்பவரே இவ்விளையாட்டின் தந்தை எனக் கொள்ளப்படுகின்றார். 1975 இல் கலிபோர்னியாவின் ஓக் குறோவ் பூங்காவில் முதலாவது நிரந்தரக் களத்தை அமைத்தவரும், 1976 இல் தொழின்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. 2002 இல் அவர் மறைந்தபோது, அவரது விருப்பப்படி அவரது சாம்பல் தட்டுகளில் கலந்து வார்க்கப்பட்டது. அத்தகைய பற்றின்மீது எழுந்த விளையாட்டு இது.

அந்தப் பற்று இன்று பணமாகவும் மாறியிருக்கின்றது. 2021 பெப்ரவரியில் போல் மெக்பெத் என்னும் அமெரிக்க வீரர், தட்டு உற்பத்தி நிறுவனம் ஒன்றுடன் பத்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்துகொண்டார். அதே ஆண்டு யூட்டா மாநிலத்தின் ஒக்டனில் நடந்த உலகக்கிண்ணப் போட்டியின் கடைசிக் கூடையில், ஏறத்தாழ 247 அடி தூரத்திலிருந்து ஜேம்ஸ் கொன்ராட் எறிந்த தட்டு நேரே கூடைக்குள் வீழ்ந்தது. அதனால் மெக்பெத்துடன் சமநிலை பெற்ற கொன்ராட், மேலதிக ஆட்டத்தில் வெற்றியும் பெற்றார். இவ்விளையாட்டை அதுவரை அறியாதவர்கள்கூட அந்த எறியைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். கோடி டொலரும் அந்த எறியும் சேர்ந்து, தொழின்முறை டிஸ்க் கோல்ஃப் என்றால் செல்வம் கொழிக்கும் துறை என்ற எண்ணத்தை வெளியுலகில் ஏற்படுத்திவிட்டன.

உண்மை நிலையை அறியவேண்டுமானால், பெறுபேற்றுப் பட்டியலை அடியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கவேண்டும். பத்திரிகைத் தொழிலில் எனக்குப் படிந்துவிட்ட பழக்கம் அது. மேலே இருப்பவரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். கீழே இருப்பவர் ஏன் வந்தார், எவ்வளவு செலவழித்தார், எதைக் கொண்டு திரும்பினார் என்று பார்த்தால்தான் அந்தப் போட்டி எதன்மீது நிற்கின்றது என்பது விளங்கும்.

டிஸ்க் கோல்ஃபில் தொழின்முறை வீரர் பணம் செலுத்தியே களத்தில் இறங்குகின்றார். அந்த நுழைவுக் கட்டணத்தின் பெரும்பகுதி பரிசு நிதியாகின்றது. அனுசரணையாளர்கள் தரும் பணம் அதன்மேல் சேர்க்கப்படுகின்றது. பொதுவாகப் பங்குபற்றியோரில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பரிசு கிடைக்கும். எஞ்சியோர் தாம் செலுத்திய கட்டணத்தை மேலிருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகின்றார்கள். அதுமட்டுமன்று. பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் தனி நடுவர் இருப்பதில்லை. மூவராகவோ நால்வராகவோ சேர்ந்து செல்லும் வீரர்களே ஒருவர் மற்றவரின் எறிகளை எண்ணி, விதி மீறலையும் சுட்டிக்காட்டுகின்றார்கள். ஆகவே, தோற்பவர் பரிசுக்குப் பணமும் தந்து, நடுவர் வேலையையும் கூலியின்றிச் செய்துவிட்டுப் போகின்றார். அவரின்றிச் சுற்றுப்போட்டியே இல்லை.

வருகைத் தொகையை ஏற்பாட்டாளர்கள் ஏன் இவ்வளவு பெருமையாகச் சொல்கின்றார்கள் என்பது இப்போது புரியும். இங்கு ஒவ்வொரு தலையும் பணம். கன்சாஸ் மாநிலத்தில் சுமார் 24,000 மக்கள் வாழும் எம்போரியா என்னும் சிறு நகரம், 2016 இலும் 2022 இலும் உலகக்கிண்ணப் போட்டியை நடத்தியது. அத்தகைய ஊருக்கு வரும் ஒவ்வோர் ஆட்டக்காரரும் விடுதியில் தங்குகின்றார், கடையில் உண்கின்றார், வாகனத்துக்கு எரிபொருள் நிரப்புகின்றார். முதலிடம் பெற்றவரும் கடைசி இடம் பெற்றவரும் விடுதிக்குக் கொடுப்பது ஒரே வாடகைதான்.

இனிப் பெண்கள் பிரிவுக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிராந்தியச் சுற்றுப்போட்டியில் 60 ஆண்களும் 12 பெண்களும் பங்குபற்றுகின்றார்கள். 72 என்ற தொகையை நான் காரணத்துடனேயே எடுத்துக்கொண்டேன்: பதினெட்டுக் கூடைகளிலும் கூடைக்கு நால்வராக ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கினால் களம் கொள்ளும் அளவு அதுதான். ஒவ்வொருவரும் 100 டொலர் செலுத்துவதாகவும், அது முழுவதும் பரிசுக்கே செல்வதாகவும் கொள்வோம். அனுசரணையாளர் 6,000 டொலர் தருகின்றார். வழமையான முறைப்படி ஒவ்வொரு பிரிவின் கட்டணமும் அந்தப் பிரிவுக்கே போகும். அனுசரணைப் பணம் தலைக்கணக்கில் பிரியும். ஆண்கள் பிரிவின் நிதி 11,000 டொலர். பெண்கள் பிரிவின் நிதி 2,200 டொலர்.

அடுத்த ஆண்டு மூன்று பெண்கள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெண்களின் கட்டணத் தொகை 900 டொலராகக் குறைகின்றது. அனுசரணைப் பணத்தில் அவர்களது பங்கும் சுமார் 782 டொலராகச் சுருங்குகின்றது. மொத்தம் 1,682 டொலர். வந்த ஒன்பது பேரும் வராத மூவருக்காகத் தண்டிக்கப்படுகின்றார்கள். ஆண்கள் பிரிவிலோ ஒருவர்கூடக் கூடவில்லை. ஆயினும் அவர்களது நிதி 11,217 டொலராக உயர்ந்துவிடுகின்றது. பெண்கள் வராமல் விட்டால் ஆண்களின் பரிசு பெருகும் என்பதே இக்கணக்கின் உட்பொருள். எவரும் கெட்ட எண்ணத்துடன் இதை வகுத்திருக்கமாட்டார்கள். ஆனால் விளைவு அதுதான்.

அந்த ஒன்பது பேரில் ஐந்நூறு கிலோமீற்றர் தூரத்திலிருந்து வாகனம் செலுத்தி வந்த ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரி, ஆனால் நாட்டின் முதன்மை வீராங்கனை அல்லள். ஒன்பது பேரில் நால்வருக்கே பரிசு. நான்காம் இடத்துக்குக் கிடைப்பது விடுதி வாடகைக்கே காணாது. அதற்கடுத்த ஆண்டு அவள் வீட்டிலேயே இருந்துவிடுகின்றாள். மறுபடியும் செய்தியில் அதே வசனம்: “பெண்கள் பிரிவில் பங்குபற்றுதல் குறைவாகவே இருந்தது.” வசனத்தைக் காட்டி அனுசரணையாளர் பின்வாங்குகின்றார். காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஆண்களோ, வெறுமையாகக் கிடக்கும் அந்த இடங்களைத் தமக்குத் தரலாகாதா என்று கேட்கின்றார்கள். சக்கரம் இவ்வாறுதான் சுழல்கின்றது.

இம்முறையை ஆதரிப்போரின் வாதங்களையும் நேர்மையாக நோக்கவேண்டும். முதல் வாதம்: தலைக்குத் தலை எல்லோருக்கும் ஒரே தொகைதானே ஒதுக்கப்படுகின்றது, இதிலென்ன அநீதி? நான் போட்ட கணக்கிலும் தலைக்கு ஏறத்தாழ 183 டொலர் என்பது இரு பிரிவுக்கும் பொதுவானதே. ஆனால் பயணச் செலவு தலைக்கணக்கில் பிரிவதில்லை. எரிபொருள் நிலையத்தில் பெண்கள் பிரிவுக்கென்று தனி விலை கிடையாது. ஒரு தொழிலில் நிலைத்திருக்க உதவுவது முன்னணி இடங்களின் பரிசு. அது மொத்த நிதியின் பருமனைப் பொறுத்தது. 2,200 டொலரில் பாதியை முதலிடத்துக்கே கொடுத்தாலும் 1,100 டொலருக்கு மேல் வராது. மற்றைய பெண்களுக்கு அதன்பின் என்ன மிஞ்சும்?

இரண்டாவது வாதம்: அறுபது பேரை வெல்வதும் பன்னிரண்டு பேரை வெல்வதும் ஒன்றாகுமா? ஆகாது. போட்டியின் ஆழம் முக்கியமானதே. ஆனால் ஆழம் வந்த பிறகு பணம் தருவோம் என்பவர்கள், ஆழம் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்வதில்லை. நீச்சல் பழகிய பின்னரே குளத்தில் இறங்கலாம் என்பது போன்றது அது.

மூன்றாவது வாதம் சற்றுச் சாமர்த்தியமானது. ஆண்கள் பிரிவு என்று நாம் பேச்சில் சொல்வது விதிப்படி எல்லோருக்கும் திறந்த பிரிவு. பணம் வேண்டுமானால் பெண்கள் அங்கே வந்து ஆடட்டுமே என்பது. எறியும் தூரத்தில் உடல் வலு பெரும் வேறுபாட்டை உண்டாக்கும் விளையாட்டு இது. அதற்காகத்தான் பெண்கள் பிரிவு என்று ஒன்றே வகுக்கப்பட்டது. பிரிவை வகுத்துவிட்டு, அதற்குரிய நிதியை மறுத்து, பிறகு வேறு பிரிவுக்குப் போ என்று வாசலைக் காட்டுவது நியாயமாகாது.

ஏனைய விளையாட்டுகளின் வரலாறும் இதையே கூறுகின்றது. 1970 இல் பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது டென்னிஸ் வீராங்கனைகள், பரிசுப் பாகுபாட்டை எதிர்த்து, ஆளுக்கு ஒரு டொலர் என்ற அடையாள ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டு ஹூஸ்டனில் தனியாகப் போட்டியிட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1973 இல், அமெரிக்கப் பகிரங்கப் போட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம பரிசு வழங்கியது. விம்பிள்டன் அதே முடிவுக்கு வர 2007 வரை சென்றது. தலைகளை எண்ணி முடிக்கும்வரை அந்த ஒன்பது பேரும் காத்திருந்திருந்தால், இன்றும் எண்ணிக்கொண்டே இருந்திருப்போம்.

டிஸ்க் கோல்ஃபிலேயே சான்று உண்டு. 2011 முதல் 2019 வரை ஒன்றுவிட்ட ஒவ்வோர் ஆண்டிலும் பெண்கள் உலகக்கிண்ணத்தைப் பெய்ஜ் பியர்ஸ் என்ற ஒரே அமெரிக்க வீராங்கனையே வென்றார். அவரது திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பின்னர் களம் விரிந்தது. 2022 இலும் 2023 இலும் எஸ்தோனியாவின் கிறிஸ்டின் டாட்டர். 2024 இல் பின்லாந்தின் எவெலீனா சலோனென். சுமார் 13 இலட்சம் மக்களே உள்ள எஸ்தோனியாவிலிருந்து ஒரு பெண் வந்து, இவ்விளையாட்டு பிறந்த நாட்டிலேயே இருமுறை உலகக்கிண்ணம் வெல்கின்றார் என்றால், பெண்களுக்கு ஆர்வமில்லை என்ற பேச்சு எங்கே நிற்கும்? உயர்மட்டச் சுற்றுப்போட்டிகளில் இன்று பெண்களின் ஆட்டமும் நேரடியாக ஒளிபரப்பாகின்றது. அங்கே மாற்றம் தொடங்கிவிட்டது. அந்த மேடைக்கு ஏற உதவும் படிகளான பிராந்தியப் போட்டிகளிலேயே பழைய கணக்கு இன்னும் கோலோச்சுகின்றது.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நானும் சில காலம் ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்தவன். அது வேறு விளையாட்டுகளின் காலம். பக்கத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது பெண்கள் பிரிவின் பெறுபேறுதான். அரைப் பந்தி மிஞ்சினால், “பெண்கள் பிரிவில் போட்டி சோபிக்கவில்லை” என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கின்றேன். சில போட்டிகளுக்கு நான் சென்றதே இல்லை. வந்த பட்டியல் குறுகியதாக இருந்தது, அதுவே எனக்குப் போதுமானதாயிற்று. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் வராதபோதும் நான் காரணம் கேட்கவில்லை. இன்று பிறர் எழுதும் வசனத்தில் எனது பழைய கையெழுத்தையே காண்கின்றேன்.

ஆகவே எனது கோரிக்கைகள் எளிமையானவை. அனுசரணைப் பணத்தில் பெண்கள் பிரிவுக்கான குறைந்தபட்சத் தொகையைப் பதிவு தொடங்குவதற்கு முன்னரே அறிவியுங்கள். வந்த தலைகளைப் பார்த்து அதைக் குறைக்காதீர்கள். மேற்சொன்ன கணக்கில் 6,000 டொலரில் 2,000 டொலரை அவ்வாறு உறுதிசெய்தால், பன்னிரண்டு பெண்களின் நிதி 3,200 டொலராகும். ஆண்கள் பிரிவு இழப்பது 1,000 டொலர். அறுபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 17 டொலரும் இல்லை. ஒரு தட்டின் விலை. அடுத்து, பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களை அறிவித்த திகதிக்கு முன் எவருக்கும் கைமாற்றாதீர்கள். ஐந்நூறு கிலோமீற்றர் தூரம் வருபவள், விடுமுறை எடுக்கவும் பணம் சேர்க்கவும் சில வாரங்கள் வேண்டும்.

எழுதுபவர்களுக்கும் ஒன்று. பங்குபற்றுதல் குறைவு என்று எழுதும் ஒவ்வொருவரும், அதே வரியின் பக்கத்தில் நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பெண்கள் பிரிவின் மொத்தப் பரிசு எவ்வளவு, கடைசிப் பரிசு எவ்வளவு என்ற மூன்று எண்களையும் சேர்த்து எழுதட்டும். நான் இனி அவ்வாறே எழுதுவேன். ஏன் வரவில்லை என்பதை அந்த எண்களைப் பார்த்து வாசகரே அறிந்துகொள்வார்.