ஆயாம்மாவுக்கு முதலாளி யார்?

அரசு மருத்துவமனை ஓ.பி.க்குள் நுழைகிறவர் தன் முதல் கேள்வியை டாக்டரிடம் கேட்பதில்லை. "சுகர் பார்க்கிற ரூம் எதும்மா?", "எக்ஸ்ரேக்கு இந்தச் சீட்டே போதுமா?", "அப்பாவால நடக்க முடியல, வீல்சேர் எங்க கிடைக்கும்?" என்பதெல்லாம் அங்கே நிற்கும் ஆயாம்மாவிடமோ, ஸ்ட்ரெச்சர் தள்ளிவரும் அண்ணனிடமோதான். பதில் பதமாக வந்தால் அது நல்ல ஆஸ்பத்திரி. வெடுக்கென்று வந்தால், பிறகு பெரிய டாக்டரே பரிவோடு பேசினாலும் ஊருக்குப் போய்ச் சொல்வது அந்த வெடுக்கைத்தான். இந்த மனிதர்களுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டுப்பாருங்கள். ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

இவர்கள் வேலை என்னவென்றே வெளியே பலருக்குத் தெரியாது. ஏழரை மணிக்கு ஓ.பி. என்றால் அதற்கு முன்பே தரை துடைத்து, பெஞ்சுகளை ஒழுங்குபடுத்தி, டாக்டர் மேசையில் சீட்டுக்கட்டும் கையுறையும் எடுத்து வைத்தாக வேண்டும். கூட்டம் சேர்ந்ததும் வரிசை. வியர்த்துக் கொட்ட, நெஞ்சைப் பிடித்தபடி இருபதாவது ஆளாக நிற்பவரைக் கண்டுபிடித்து சிஸ்டரிடம் ஓடிச் சொல்வதும் அதில் சேர்த்தி. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்து மயங்கும் பாட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ரத்தக் குழாய்களை மாறாமல் லேபில் சேர்க்க வேண்டும். யாரோ வாந்தியெடுத்த இடத்தை அடுத்தவர் மிதிப்பதற்குள் துடைக்க வேண்டும். ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் முன்வைத்த நோயாளர் உரிமைச் சாசனம். நர்ஸ் வேறு வேலையில் இருக்கும்போது திரைக்குள் போய் நிற்பவர் ஆயாம்மாதான். அங்கே காதில் விழுவதை வாசலில் சொல்லாமல் இருப்பதும் அவர் வேலையில் ஒரு பகுதி. இதையெல்லாம் யாராவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களா? பக்கத்தில் நின்ற மூத்த அக்காவைப் பார்த்துப் பழகியதுதான்.

இவர்களில் பெரும்பகுதியினர் மருத்துவமனையின் ஊழியர்களே அல்ல. துப்புரவு, காவல், ஸ்ட்ரெச்சர், வார்டு உதவி எல்லாவற்றையும் சேர்த்து டெண்டர் எடுத்த நிறுவனத்தின் ஆட்கள். 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூருக்கும் ராமநாதபுரத்துக்கும் நீலகிரிக்கும் பெரிய ஆஸ்பத்திரி வந்தது. பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் கட்டடம் உயர்ந்த அளவுக்கு நிரந்தர அடிநிலைப் பணியிடங்கள் உயரவில்லை என்பதை அங்கே ஒரு மணி நேரம் நின்றாலே பார்க்கலாம். ஒப்பந்த நிறுவனம் வழியாக இல்லாமல், மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் நேரடியாக எடுக்கும் ஆட்களின் நிலையும் பெரிதாக வேறில்லை. பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 8,500 ரூபாய் என்று அவற்றின் அறிவிப்புகளே வந்திருக்கின்றன. கல்வித் தகுதி எட்டாம் வகுப்பு. பேருந்து, வீட்டு வாடகை, பள்ளிக்கட்டணம் எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சம்பளம் தாமதமானால் மருத்துவமனை ஒப்பந்ததாரரைக் காட்டுகிறது. ஒப்பந்ததாரர், அரசிடமிருந்து பில் வரவில்லை என்கிறார். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே இந்தச் சுற்றுக்கு விடை சொல்லியிருந்தது: ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனம் தர வேண்டும், பிறகு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வழியைக் கையாளும் நிர்வாகம் அரிது. கேட்கப் போனால் நாளை டியூட்டி இல்லை என்ற பயத்தில் தொழிலாளியும் கேட்பதில்லை.

இங்கேதான் நாம் எல்லோரும் முகம் சுளிக்கும் அந்த விஷயம் வருகிறது. வீல்சேர் தள்ள ஐம்பது, ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போக நூறு. இது லஞ்சம்தான், ஏழையிடம் வாங்கினால் இன்னும் கேவலமான லஞ்சம். சம்பளம் குறைவு என்பதை இதற்கு நியாயமாகச் சொல்ல நான் தயாரில்லை, ஏனென்றால் அதே சம்பளத்தில் ஒரு பைசா வாங்காமல் நாள் முழுக்க ஓடுகிறவர்கள் அதே வராந்தாவில் இருக்கிறார்கள். ஆனால் ஐம்பது ரூபாய் வாங்கிய ஆயாம்மாவின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியதும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுக் கோப்பை மூடுவது சீர்திருத்தம் ஆகாது. அவருக்குப் பேசிய கூலி முழுதாகக் கையில் வந்ததா, பி.எஃப். கட்டப்பட்டதா, அந்த ஷிஃப்டில் ஸ்ட்ரெச்சருக்கு எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்விகளையும் அன்றே கேட்டாக வேண்டும். அரசு ஒப்பந்ததாரருக்குக் கட்டிய பணத்தில் தொழிலாளிக்குச் சேராத பகுதியைக் கடைசியில் நோயாளியின் சட்டைப்பைதான் ஈடுகட்டுகிறது.

உடம்புக்கு வரும் ஆபத்தும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் தெளிவானவை: கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, பயிற்சி, பாதுகாப்பு உடை, வேலையில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை. நிரந்தரமா, ஒப்பந்தமா என்று ஊசிமுனை பார்ப்பதில்லை. குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் ஓரிரண்டு மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். திட்டு விழுமோ, வேலை போகுமோ என்று பயப்படுகிறவர் ரத்தத்தைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அந்த நேரம் வீணாகிப்போகும். கொரோனா காலத்தில் மத்திய அரசு அறிவித்த 50 லட்ச ரூபாய்க் காப்பீட்டில் வார்டு பாயும் துப்புரவுத் தொழிலாளியும் டாக்டரோடு ஒரே பட்டியலில் இருந்தார்கள். சாவுக்கான பட்டியலில் சேர்க்கத் தெரிந்த நமக்குத் தடுப்பூசிப் பதிவேட்டில் சேர்ப்பது கடினமாக இருக்கக் கூடாது.

பொதுமக்களாகிய நம் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டபோது தமிழகமே அதிர்ந்தது. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு எதிராக இங்கே 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் டாக்டர் வரத் தாமதமானால் நாம் கத்துவது டாக்டரிடம் அல்ல. வாசலில் நிற்கும் பெண்ணிடம். அவரைப் பிடித்துத் தள்ளியதற்கு யார் புகார் எழுதப் போகிறார்கள்? ஒரு நோயாளியோடு ஐந்து பேர் வருவது, "நம்ம ஆளு உள்ள இருக்காரு" என்று வரிசையைத் தாண்டுவது (பத்திரிகைக்காரர்களும் கட்சிக்காரர்களும் இதில் போட்டி போடுவார்கள்), வராந்தா மூலையில் எச்சில் துப்புவது எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான் விடியும். பிரஷருக்கும் சுகருக்கும் மாதாந்திர மாத்திரை வாங்க மட்டும் மாவட்ட மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. அதை நம்பிப் பயன்படுத்தினால் ஓ.பி. வரிசையும் குறையும், வாசலில் நிற்பவரின் குரலும் இறங்கும்.

மருத்துவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மீட்டிங் இருக்கிறது, நீதிமன்றத்தில் சாட்சி இருக்கிறது, இன்று தாமதமாகும் என்றால் காலையிலேயே ஆயாம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். காரணமும் நேரமும் தெரிந்தால் அவர் இருநூறு பேரைச் சமாளிப்பார். தெரியாவிட்டால் "வருவாங்க, வருவாங்க" என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த அரசு இருந்தாலும், எந்தக் கட்சி எதிர்வரிசையில் இருந்தாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய சில காரியங்களை அடுத்த டெண்டரிலேயே எழுதிவிடலாம். கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்கில் விழுந்ததற்கான ஆதாரம் இல்லாமல் ஒப்பந்ததாரர் பில் நகரக் கூடாது. தடுப்பூசி போட்ட விவரமும் பயிற்சி முடித்த விவரமும் பில்லோடு இணைய வேண்டும். ஒரு ஷிஃப்டில் ஸ்ட்ரெச்சருக்கும் வீல்சேருக்கும் எத்தனை பேர் என்பதை ஓ.பி. வாசலில் பலகை வைத்து எழுத வேண்டும். குறைந்தால் நோயாளியே எண்ணிப் பார்த்துக் கேட்கட்டும். இவற்றைக் கண்காணிக்கப் புதிதாகக் குழு எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. மக்கள் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் உட்காரும் அந்த மேசையில் ஓ.பி.யில் வேலை செய்யும் ஓர் ஆயாம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடலாம். எந்த வீல்சேருக்குச் சக்கரம் ஓடவில்லை, எந்த அறைக்கு வழிகேட்டு மக்கள் அதிகம் அலைகிறார்கள் என்பதை அந்தக் கூட்டத்தில் வேறு யாராலும் சொல்ல முடியாது.