உம்மாவின் கிளினிக் கொப்பி

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நான் பொய் சொல்வேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வாப்பா கடலுக்குப் போய்விடுவார். உம்மம்மாவால் தூரம் நடக்க முடியாது. அதனால் உம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய், இலக்கம் எடுத்து வாங்கில் உட்கார்ந்திருப்பேன். "அம்மா எங்கே?" என்று மிஸ் கேட்டால், "காய்ச்சல், மிஸ்" என்பேன். அடுத்த மாதம் கால் நோவு. அதற்கடுத்த மாதம் தம்பிக்குச் சுகமில்லை. உம்மாவோ ரியாதில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. எனக்குக் கிடைக்கும் குளிசைகளைக் கடதாசி உறையோடு ஷொப்பிங் பையில் சுற்றி, யார் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்புகிறார்களோ அவர்களிடம் கொடுப்போம். கற்பிட்டி முதல் பாலாவி வரை யார் வீட்டில் யார் எப்போது ஏறுகிறார்கள் என்ற கணக்கு உம்மம்மாவுக்கு மனப்பாடம். கருவாடு, மிளகாய்த்தூள், நடுவில் மருந்து. போகிறவர் ஜித்தாவில் இறங்குபவராக இருந்தால் அது உம்மாவின் கைக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லாமல் போனது. பாமசியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். உம்மா அனுப்பிய காசில் மருந்து வாங்கி, அதை உம்மாவுக்கே அனுப்பினோம். அந்த நாட்களில்தான் அவர் ஒரு குளிசையை இரண்டாக உடைத்துக் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

ஒருநாள் தலைசுற்றி விழுந்ததும் அந்த வீட்டு மெடம் அவரை அருகிலிருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அதை நான் மறைக்கக் கூடாது. "என்ன மருந்து குடிக்கிறாய்?" என்று அந்த டொக்டர் கேட்டிருக்கிறார். உம்மாவின் பதில், "வெள்ளைக் குளிசை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று." உறையைக் காட்டியிருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரி உறையில் பேனையால் எழுதிய மருந்துப் பெயர் வியர்வையில் அழிந்திருந்தது. பெயரும் அளவும் சரியாக எழுதப்பட்ட ஒரே இடம் கிளினிக் கொப்பி. அது புத்தளத்தில், என் புத்தகப் பையில் இருந்தது.

நோயாளி அங்கே, கொப்பி இங்கே. இரண்டு வருடங்களாக ஒரு டொக்டரும் உம்மாவின் பிரஷரை அளக்காமலேயே மருந்து தொடர்ந்தது. அதற்குத் துணை நின்றவள் நான்தான். அவர் திரும்பி வந்தபோது இடது கண் மங்கியிருந்தது. சீனி கண்ணின் உள்நரம்பைத் தாக்கியிருக்கிறது என்றார்கள்.

இதை எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "பெயரப் போடாம எழுது, மகள்" என்றார். ஆகவே பெற்றோர்களே, கோபப்படாமல் வாசியுங்கள். ஒருவர் வெளிநாடு போகப் போகிறார் என்றால் நம் வீடுகளில் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதுதான். வீடு பெரிதா, பிள்ளைகள் எத்தனை பேர், போன் தருவார்களா என்பதெல்லாம் அதன் பிறகு. வருத்தம் வந்தால் மருந்துக்கு யார் காசு கொடுப்பார்கள், காப்புறுதி அட்டை யார் கையில் இருக்கும் என்று கேட்டவர்களை நான் கண்டதில்லை.

காப்புறுதி என்றால் "பியூரோவில் இருக்குத்தானே" என்பார்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு காப்புறுதி இருப்பது உண்மைதான். ஆனால் அது விபத்து, அங்கவீனம், மரணம் போன்றவற்றுக்கானது. மாதாமாதம் குடிக்கும் குளிசையை அது வாங்கித் தராது. விசிட் விசாவில் பதியாமல் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. 2022இல் ஓமானில் சிக்கிய நம் நாட்டுப் பெண்களின் கதை பத்திரிகைகளில் வந்தபோது இதை எல்லோரும் வாசித்தோம், பிறகு மறந்துவிட்டோம்.

அன்றாட நோய்க்கான காப்புறுதி போகிற நாட்டின் சட்டத்தில்தான் இருக்கிறது, அது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபியிலும் டுபாயிலும் முன்பே இருந்த கட்டாயக் காப்புறுதி, 2025 ஜனவரி 1 முதல் மற்ற எமிரேட்களின் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் வந்துவிட்டது. அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 320 திர்ஹம். அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி, பணிப்பெண் அல்ல. மருந்து விலையில் 30 வீதத்தை மட்டும் நோயாளி கொடுக்க வேண்டும். சவூதியிலோ 2024 ஜூலை முதல் வந்த கட்டாயம், நான்குக்கு மேற்பட்ட வீட்டுப் பணியாளர்களை வைத்திருப்பவர்களுக்கு மாத்திரமே. எங்கள் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேர் அப்படிப்பட்ட மாளிகைகளில் வேலை செய்கிறார்கள்? ஒருவர், மிஞ்சினால் இருவர் வேலை செய்யும் வீடுகளுக்குத்தான் அதிகமானோர் போகிறார்கள். ஆகவே சவூதிக்குப் போகிறவர் மருத்துவச் செலவைப் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையொப்பமிடும் முன்பே பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை யார் வாசிப்பது? தோழிகளே, அந்த வேலை நம்முடையது. ஆங்கிலப் பாடத்துக்கு இத்தனை டியூஷன் போகிறோமே.

மருந்தை உறையில் உதிரியாகக் கொண்டுபோவதும் ஆபத்தானது. பெயரில்லாத வெள்ளைக் குளிசை சுங்க அதிகாரிக்கு எதுவாகவும் தெரியலாம். டிரமடோல், கோடீன், பிரிகாபலின் போன்றவை வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதியும் டொக்டரின் கடிதமும் இல்லாமல் கொண்டுபோனால் சிறை வரைக்கும் போகலாம். நம் ஊரில் நோவுக்குச் சாதாரணமாக எழுதிக் கொடுப்பதுதான் டிரமடோல். 2017இல் எகிப்துக்கு 290 டிரமடோல் குளிசைகளுடன் போன ஒரு பிரித்தானியப் பெண்ணுக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள். "பக்கத்து வீட்டு ஆளுக்குக் கொடுக்க" என்று நாம் இன்னொருவர் பெட்டியில் திணிக்கும் பொதியில் என்ன இருக்கிறது என்று அந்த மனிதருக்கே தெரியாது.

நமக்கு ஒரு வசதி உண்டு. கிளினிக் கொப்பியில் கம்பனியின் பெயர் இல்லை, மருந்தின் பொதுப்பெயரே இருக்கிறது. மெட்போர்மின் என்றால் ரியாதிலும் மெட்போர்மின், லொசார்டன் என்றால் டோஹாவிலும் லொசார்டன். இந்த வழக்கத்துக்காகப் பாடுபட்டவர் பேராசிரியர் செனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1977இல் கயானாவுக்கு வேலையாகப் போன இடத்தில் காலமானார். அவர் தந்த பெயர்களைத்தான் நாங்கள் வீட்டில் வைத்துவிட்டு உம்மாவை விமானத்தில் ஏற்றினோம்.

ஏன் வைத்தோம்? மறைக்கத்தான். "இதச் சொன்னா என்ன எடுப்பாங்களா, மகள்?" என்றுதான் உம்மா இன்றும் கேட்கிறார். மெடிக்கலுக்கு முந்திய இரண்டு கிழமை ஒழுங்காகக் குளிசை குடித்து, சோற்றைக் குறைத்து, பாஸாகிவிட்டார். வளைகுடா நாடுகளுக்கான பரிசோதனையில் நிராகரிக்கச் சொல்வது கட்டுப்பாட்டில் இல்லாத சீனியையும் பிரஷரையும்தான். ஒழுங்காக மருந்து எடுப்பவர் ஒளிய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஏஜன்சிக்காரர் "வாயத் திறக்காதீங்க" என்றார். நாங்களும் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அந்த வேலை கிடைக்காமலே போயிருக்கலாம், எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூரையை உம்மா ஒரு கண்ணால் பார்க்கிறார்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாச்சி கட்டாருக்குப் போக ஆயத்தமானார். அவருக்குத் தைரொயிட். நானும் உம்மாவும் அவர் வீட்டுக்குப் போனோம். கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அவரது போனிலும் மகளின் போனிலும் போட்டேன். டொக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கினோம். குளிசையைப் பெட்டியோடும் பில்லோடும் வாங்கிக் கைப்பையில் வைத்தோம். கட்டாரில் போனதும் ஹமத் சுகாதார அட்டை கேட்க வேண்டும், பிரச்சினை என்றால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு வீட்டார் பேச வேண்டும் என்று மகளுக்கு எழுதிக் கொடுத்தேன்.

சாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தக் கடிதத்த ஏஜன்சிக்குக் காட்டவா வேணாமா?" என்றார்.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "காட்டு" என்றார்.